யாருடைய கணக்கில் எழுதினோம்? – ரிக் நோயின் 200 ஆண்டுக் கதை



சென்ற மாத ஞாயிறு உரையில், பிள்ளைகளுக்கு வரும் கண்சிமிட்டல், தோள் குலுக்கல், தொண்டைச் செருமல் போன்ற அடக்க முடியாத அசைவுகள் பற்றிப் பேசியிருந்தேன். வழமையாக என் உரை முடிந்ததும் நேயர்கள் பலர் நேரலையில் இணைந்துகொள்வார்கள். அன்று ஒருவரும் வரவில்லை. கலையகத்தைப் பூட்டிவிட்டுப் புறப்படும் நேரத்தில் மூன்று அழைப்புகள் வந்தன. மூவரும் தாய்மார். மூவரும் முதலில் சொன்ன வசனம் ஒன்றுதான்: "அண்ணை, என்ரை பேரை ஒரு இடத்திலையும் சொல்லாதேங்கோ."

அந்த மூவருக்காகவும், அழைக்காமலே விட்ட மற்றவர்களுக்காகவும் அன்றைய உரையை விரிவாக எழுதித் தருகிறேன். நான் வைத்தியன் அல்லன். வணிகம் படித்த கணக்காளன். வார இறுதியில் மட்டும் ஒலிவாங்கியின் முன் அமர்பவன். ஆனால் இந்த நோயின் வரலாற்றைப் பல வருடங்களாகத் தேடித் தேடி வாசித்திருக்கிறேன். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் சிரித்த இரவு

2002 ஆம் ஆண்டு ஒரு நாள் இரவு, நண்பர்கள் சிலர் எங்கள் வீட்டில் கூடியிருந்தோம். பிபிசி தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் போனது. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜோன் டேவிட்சன் என்பவரைப் பற்றியது. 1989 இல், அவர் பதின்ம வயதில் இருந்தபோதே அவரைப் பற்றி பிபிசி ஒரு படம் காட்டியிருந்தது. இது அதன் தொடர்ச்சி. அவருடைய கழுத்து திடீரென வெட்டி இழுக்கும். நினையாத நேரத்தில் வாயிலிருந்து கெட்ட வார்த்தை பாயும். நாங்கள் சிரித்தோம். ஒருவர் எழுந்து அவரைப்போல நடித்தும் காட்டினார். நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

நான்கு வருடம் கழித்து, 2006 இல், என் மகனுக்கு 7 வயதாக இருந்தபோது அவன் கண்ணைச் சிமிட்டத் தொடங்கினான். முதலில் கண் பார்வை என்று நினைத்துக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனோம். பார்வையில் பிழை இல்லை. பிறகு மூக்கை உறிஞ்சினான். பிறகு கழுத்தை ஒரு பக்கமாக வெட்டினான். பிறகு தொண்டையில் ஒரு சத்தம். ஒன்று போக இன்னொன்று வரும். பாடசாலையிலிருந்து, பிள்ளை வகுப்பைக் குழப்புவதாகக் கடிதம் வந்தது.

ஊரிலிருந்து மாமியார் தொலைபேசியில் நாவூறு என்றார். நூல் கட்டி அனுப்பினார். என் மனைவி யாருக்கும் சொல்லாமல் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தாள். 1995 இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து மழைக்குள்ளால் நடந்து வந்தவள் அவள். தன் உடம்பில் தங்கிய பயம்தான் நான்கு வருடம் கழித்து லண்டனில் பிறந்த பிள்ளைக்குள் போயிருக்கிறது என்று நம்பினாள்.

நானோ, பிள்ளை வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்தேன். கணக்காளன் அல்லவா? ஒரு கொப்பி போட்டேன். வாரம் 1 பவுண் கைச்செலவுக் காசு. ஒவ்வொரு கண்சிமிட்டலுக்கும் 5 பென்ஸ் கழிவு. மூன்று வாரத்தில் என் மகன் எனக்கு 11 பவுண் 40 பென்ஸ் கடனாளியாகி நின்றான். ஒரு நாள் படுக்கப் போகும்போது கேட்டான்: "அப்பா, நான் இதை எப்ப கட்டி முடிப்பன்?"

அன்றோடு கழிப்பதை நிறுத்தினேன். ஆனால் ஏசுவதை நிறுத்தவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அதற்கு இன்னும் ஒன்றரை வருடம் பிடித்தது.

பாரிஸ்: ஒரு சீமாட்டியும் ஓர் இளம் வைத்தியரும்

1825 இல், பாரிஸில் செவிப்புலன் இழந்தோருக்கான நிறுவனத்தில் பணியாற்றிய இற்றார் என்ற வைத்தியர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் ஓர் உயர்குடிப் பெண்ணைப் பற்றி எழுதினார். டம்பியேர் சீமாட்டி என்று பிற்கால மருத்துவ நூல்கள் அவரைக் குறிப்பிடுகின்றன. 7 வயதில், எழுதும்போது கை இழுப்பதில் தொடங்கியது. பிறகு தோள், கழுத்து, முகம். பிறகு குரல். நல்ல கல்வியும் பண்பும் உள்ள அந்தப் பெண், விருந்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே இடையில் அசிங்கமான சொற்களை உரக்கச் சொல்லிவிடுவார். சொல்லக்கூடாது என்று எவ்வளவு அஞ்சினாரோ அவ்வளவுக்கு அந்தச் சொல் வாயில் வந்து நின்றது. வாழ்நாளின் பெரும்பகுதியை ஆட்களைத் தவிர்த்தே கழித்தார். 80 வயதைக் கடந்து வாழ்ந்தார்.

60 வருடம் கழித்து, 1885 இல், அதே பாரிஸில் சல்பெற்றியர் மருத்துவமனையில் பணியாற்றிய இளம் வைத்தியர் ஒருவர் 9 நோயாளரைப் பற்றி எழுதினார். அவர்தான் ஜோர்ஜ் ஜில் டி லா ரூறெற். முதலாவதாக அவர் எழுதிய நோயாளர் அந்தச் சீமாட்டியே. அவரை ரூறெற் ஒருநாளும் பரிசோதித்ததில்லை. இற்றார் எழுதியதைத்தான் எடுத்து எழுதினார். அவருடைய குருவான ஷார்க்கோ, அக்காலத்தில் உலகப் புகழ்பெற்ற நரம்பியல் மேதை, தன் மாணவரின் பெயரையே நோய்க்கு வைத்தார். அன்று முதல் அது ரூறெற் நோய்.

அந்தக் கட்டுரையில் பல விடயங்கள் சரியாகவே இருந்தன. நோய் சிறுவயதில் தொடங்குகிறது. கூடிக் குறைந்து வருகிறது. புத்தியைக் கெடுப்பதில்லை. குடும்பத்தில் ஓடுகிறது. ஆனால் குடும்பத்தில் ஓடுகிறது என்றதற்கு அக்காலத்தில் வேறொரு பொருளும் இருந்தது. பரம்பரையே சீரழிந்து வருகிறது என்பது அக்கால ஐரோப்பிய மருத்துவத்தின் நம்பிக்கை. ஆகவே நோய்க்குப் பெயர் கிடைத்தபோதே குடும்பத்துக்குப் பழியும் கிடைத்தது.

ரூறெற்றின் கதையும் சோகமானதுதான். 1893 இல், முன்பு மருத்துவமனையில் இருந்த பெண்ணொருவர் அவருடைய வீட்டுக்கே வந்து அவரைச் சுட்டார். தன்னை மனோவசியத்துக்கு உள்ளாக்கிவிட்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. ரூறெற் உயிர் தப்பினார். ஆனால் பின்னர் அவருடைய மனநலமே குலைந்தது. 1904 இல், சுவிற்சர்லாந்தில் லொசான் நகருக்கு அருகே ஒரு மனநோய் மருத்துவமனையில் இறந்தார்.

தொங்கல் கணக்கு

இந்த இடத்தில் என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம். யாழ்ப்பாணத்தில் வணிகம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பரீட்சை மீதி இரண்டு பக்கமும் சமப்படாவிட்டால், அந்த வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கு என்ற ஒன்றில் போட்டு வைப்போம். காரணம் தெரியும்வரை அது அங்கேயே கிடக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறு. வித்தியாசத்தை மறைக்க, சம்பந்தமில்லாத ஒருவருடைய கணக்கில் எழுதிவிடுவது. அது மோசடி.

ரூறெற்றுக்குப் பின் வந்த 80 வருடத்தில் மருத்துவ உலகம் ஏறத்தாழ அதைத்தான் செய்தது. மூளையில் எங்கே பிழை என்று கண்டுபிடிக்க அன்று வழியில்லை. நுணுக்குக்காட்டியால் பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதி வைத்திருக்கலாம். ஆனால் எழுதியது நோயாளரின் கணக்கில்.

1902 இல் மேஜ், பைன்டெல் என்ற இரு பிரெஞ்சு வைத்தியர்கள் ரிக் பற்றிப் பெரிய நூலொன்று எழுதினார்கள். 1907 இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. ரிக் உள்ளவருக்கு மனவுறுதி பலவீனம், வளர்ந்தும் பிள்ளைத்தன மனம் என்றார்கள். கண்ணாடிக்கு முன்னால் அசையாமல் இருக்கப் பயிற்சி கொடுத்தால் மாறும் என்றார்கள்.

1921 இல் புடாபெஸ்ற் நகரின் உளப்பகுப்பாய்வாளர் பெரென்சி, அடக்கிய பாலுணர்வுதான் ரிக் ஆக வெளிவருகிறது என்று எழுதினார். அதற்கு அவர் பெரிதும் சார்ந்திருந்தது அந்த 1902 ஆம் ஆண்டு நூலைத்தான். ஒருவர் போட்ட பிழையான பதிவை அடுத்தவர் அப்படியே புதிய பேரேட்டுக்குக் கொண்டுபோனதைப் போன்றது இது. 1940களில் நியூயோர்க்கில் மார்கரெற் மாலர், உடல்சார்ந்த காரணமும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். இருந்தாலும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையிலான உறவில்தான் அதிகம் தேடினார். வருடக்கணக்காகப் பிள்ளைகள் உளப்பகுப்பாய்வுக்குப் போய்வந்தார்கள். ரிக் நிற்கவில்லை. தாய்மார் தங்களில் என்ன பிழை என்று தேடிக்கொண்டே இருந்தார்கள்.

இத்தனைக்கும், மூளையைப் பார் என்று சொல்லும் ஒரு சாட்சி கண் முன்னாலேயே இருந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் தூக்க மூளைக்காய்ச்சல் என்ற தொற்று பரவியது. 1917 இல் வியன்னாவில் வொன் எக்கொனொமோ என்ற வைத்தியர் அதை விவரித்தார். அதிலிருந்து தப்பியவர்கள் சிலருக்கு உடல் விறைத்துப் போனது. வேறு சிலருக்கு ரிக் வந்தது. முன்பு ஒரு குறையும் இல்லாதவர்களுக்குக் காய்ச்சலின் பின் வந்தால், காரணம் மனவுறுதியாக இருக்க முடியுமா? அந்தச் சாட்சியைக் கேட்டவர்கள் குறைவு.

வியன்னா: ரோஜா நிறம் வராத குழாய்

காரணம் தெரிய வந்த வழி வேறொரு நோய் ஊடாக வந்தது. எங்கள் முதியவர்கள் பலருக்கு இன்று வரும் பார்க்கின்சன் நோய்தான் அது. 1817 இல் லண்டன் ஹொக்ஸ்ரன் பகுதியில் இருந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 6 பேரை வைத்து அதை முதலில் விவரித்தார். சிலரை அவர் தெருவில் போகும்போதுதான் பார்த்திருந்தார். கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை தடைப்படும். ரிக் உள்ளவருக்குத் தேவையற்ற அசைவு வருகிறது. இவருக்குத் தேவையான அசைவு வரவில்லை.

இதில் எங்கள் பக்கத்து மூலிகை ஒன்றுக்கும் பங்கு உண்டு. இந்திய வைத்தியத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்ட சர்ப்பகந்தா. சித்தம் கலங்கியவர்களுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது பயன்படுவதை 1931 இல் இந்திய வைத்தியர்கள் எழுதினார்கள். 1952 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் அதன் வேரிலிருந்து ரிசேர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். சுவீடனின் ஆர்வித் கார்ல்சன் அந்த ரிசேர்பினை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் அசைவற்றுச் சோர்ந்து கிடந்தன. பின்னர் எல்-டோப்பா என்ற பொருளை ஊசியில் ஏற்றினார். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடின. இது 1957 இல். எல்-டோப்பா மூளையில் டொப்பமைன் ஆக மாறுகிறது. அசைவுக்கு டொப்பமைன் தேவை என்று அவர் சொன்னார். 1960 இல் லண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில் அன்றைய பெரிய விஞ்ஞானிகள் அதை நம்பவில்லை.

அதே வருடம் வியன்னாவில் ஒருவர் அதை மனித மூளையில் காட்டினார். ஒலே ஹோர்னிகீவிச். இவரைப் பற்றி நம்மவர்கள் கட்டாயம் அறிய வேண்டும். 1926 இல் லிவிவ் நகருக்கு அருகே பிறந்தவர். இன்று அது உக்ரேனில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது சிறுவனாகக் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வியன்னாவுக்கு வந்தவர். வேறொரு மொழியில் படித்து வைத்தியரானவர். இறந்த நோயாளரின் மூளைத் துண்டுகளை அவரும் எரிங்கர் என்ற இளம் வைத்தியரும் எடுத்துச் சோதித்தார்கள். டொப்பமைன் இருந்தால் பரிசோதனைத் திரவம் ரோஜா நிறமாகும். சாதாரண மூளையின் திரவத்தில் நிறம் வந்தது. பார்க்கின்சன் நோயாளரின் திரவத்தில் ஏறத்தாழ வரவேயில்லை. எந்தக் கருவியும் இல்லாமல், தன் வெறுங்கண்ணாலேயே அந்தக் குறைவைக் கண்டதாகப் பின்னாளில் அவர் எழுதினார்.

1961 இல் பேர்க்மயர் என்ற வைத்தியரோடு சேர்ந்து எல்-டோப்பாவை நோயாளருக்கு ஊசியில் ஏற்றினார். படுக்கையோடு கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். சில மணி நேரம்தான். ஆனாலும் நடந்தார்கள். பிற்காலத்தில் ஹோர்னிகீவிச் ரொறன்ரோவிலும் பணியாற்றினார். 2000 ஆம் ஆண்டு கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹோர்னிகீவிச்சுக்குக் கிடைக்கவில்லை. 200க்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் அதைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 2020 இல் அவர் காலமானார்.

அசைவுக்கு மூளையில் ஓர் இருப்பிடம் உண்டு, அதை அளக்கலாம், அதில் குறைந்தால் கொடுக்கலாம். இதுதான் வியன்னா தந்த பாடம். அப்படியானால் தேவையற்ற அசைவு?

நியூயோர்க்: சரியான பக்கத்தில் ஒரு பதிவு

1958 இல் பெல்ஜியத்தில் போல் ஜான்சனின் ஆய்வுகூடம் ஹலோபெரிடோல் என்ற மருந்தை உருவாக்கியது. அது டொப்பமைனின் வேலையைத் தடுப்பது. 1961 இல் பிரான்சில் செயினோ என்ற வைத்தியர் அதை ரூறெற் நோயாளர் ஒருவருக்குக் கொடுத்துப் பலன் கண்டு எழுதினார். அதிகம் பேர் கவனிக்கவில்லை.

1965 இல் நியூயோர்க்கில் ஆதர் ஷப்பிரோ என்ற மனநல வைத்தியரிடம் 24 வயதுப் பெண்ணொருவர் வந்தார். கடுமையான ரிக், கூச்சல், கெட்ட வார்த்தை. ஷப்பிரோ ஒன்றன்பின் ஒன்றாகப் பல மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். ஹலோபெரிடோல் கொடுத்ததும் ரிக் பெருமளவு அடங்கியது. ஷப்பிரோ அவசரப்பட்டு நம்புபவர் அல்லர். வெறும் நம்பிக்கையால் வரும் குணத்தைப் பற்றியே ஆராய்ந்து எழுதியவர். ஆகவே நன்றாகச் சோதித்துவிட்டு, 1968 இல், உளவியலாளரான மனைவி எலேனோடு சேர்ந்து பிரிட்டிஷ் மனநல மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். இந்த நோய் மனதின் முரண்பாட்டால் வருவதல்ல, மூளையின் நோய் என்று வாதாடினார்கள்.

1972 இல், பாதிக்கப்பட்ட சில குடும்பங்கள் நியூயோர்க்கில் ஒரு சங்கம் தொடங்கின. ஷப்பிரோ தம்பதியர் துணை நின்றார்கள். பெற்றோர் தங்கள் பெயரோடும் முகத்தோடும் வெளியே வந்தார்கள். அதற்குப் பிறகுதான் இது அபூர்வ நோய் அல்ல என்பதே தெரிந்தது. அதுவரை அபூர்வமாக இருந்தது நோய் அல்ல, அதை வெளியே சொன்னவர்கள்தான்.

மருந்து மாயமும் அல்ல. ஹலோபெரிடோல் சிலருக்குத் தூக்கம், விறைப்பு, நிறைகூடல் எல்லாம் கொண்டுவந்தது. 1981 இல் ஒலிவர் சாக்ஸ் என்ற நரம்பியல் வைத்தியர், மேளம் வாசிக்கும் நோயாளர் ஒருவரைப் பற்றி எழுதினார். மருந்து எடுத்தால் வேலைக்குப் போகலாம், ஆனால் வாசிப்பில் வேகம் போய்விடுகிறது. கடைசியில் அவர் வேலை நாளில் மருந்தும் வார இறுதியில் மேளமும் என்று தனக்குத்தானே ஏற்பாடு செய்துகொண்டார்.

அடக்கலாம், ஆனால் நிறுத்த முடியாது

இனி, அன்று தொலைபேசியில் ஒரு தாய் கேட்ட கேள்வி. "பள்ளிக்கூடத்திலை அடக்கி வைச்சிருக்கிறான், வீட்டிலை வந்துதான் செய்யிறான். அப்ப வேணுமெண்டுதானே செய்யிறான்?" நானும் இதையேதான் என் மகனிடம் கேட்டேன்.

இதற்குப் பதில் ஒரு நோயாளரிடமிருந்து வந்தது. ஜோசப் பிளிஸ் என்ற அமெரிக்கர், பல பத்தாண்டுகளாகத் தன் ரிக்கைத் தானே கவனித்துக் குறித்து வைத்து, 1980 இல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். அசைவுக்கு முன்னால் ஓர் உணர்வு வருகிறது என்றார். அரிப்புப் போல, அழுத்தம் போல. அசைந்தால்தான் அது தணியும். தும்மலை நினைத்துப் பாருங்கள். சபையில் சிறிது நேரம் அடக்கலாம். ஆனால் தும்மலை நாங்கள் வரவழைக்கவில்லை. அடக்குவதற்குப் பெரும் முயற்சி வேண்டும். பிள்ளை பகல் முழுதும் அந்த முயற்சியைச் செய்துவிட்டு, தான் பாதுகாப்பாக உணரும் இடத்தில் விடுகிறான். வீட்டில் அதிகம் செய்கிறான் என்றால், உங்களை மதிக்கவில்லை என்பதல்ல. உங்களை நம்புகிறான் என்பதே பொருள்.

மூளையின் அடியில் உள்ள சில நரம்புக் கணுக்கள் அசைவுகளுக்கு அனுமதி கொடுக்கும் வேலையைச் செய்கின்றன. அலுவலகத்தில் காசோலைக்கு இரண்டாவது கையெழுத்துப் போடுபவர் போல. பார்க்கின்சன் நோயில் அந்தக் கையெழுத்து இலேசில் கிடைப்பதில்லை. ரிக் நோயில், கையெழுத்தில்லாத காசோலைகளும் வெளியே போய்விடுகின்றன. உண்மையில் இதைவிடச் சிக்கலானது, டொப்பமைன் மட்டும் காரணமும் அல்ல. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த அளவு விளங்கினால் போதும்.

பாடசாலை வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு ரூறெற் நோய் இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். ஆண் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். பெரும்பாலும் 5 முதல் 7 வயதில் தொடங்கி, 10 முதல் 12 வயதில் உச்சமாகி, வளர்ந்தபின் பலருக்குக் குறைகிறது. கெட்ட வார்த்தை வருவது 10 பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான். தொலைக்காட்சி காட்டுவது அவர்களை மட்டுமே. நோய் பெரும்பாலும் பரம்பரை வழியே வருகிறது, அதற்கு ஒரே ஒரு மரபணு என்று இல்லை. பயமும் களைப்பும் மன அழுத்தமும் ரிக்கைக் கூட்டும். ஆனால் தாய் பட்ட பயம் இந்த நோயை உண்டாக்கியது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

சிகிச்சையும் மாறியிருக்கிறது. 1973 இல் தொடங்கிய ஒரு பயிற்சி முறையில், பிள்ளை அந்த முன்னுணர்வைக் கவனிக்கப் பழகி, ரிக் வரும் தருணத்தில் அதற்கு எதிரான வேறொரு சிறு அசைவைச் செய்கிறது. 2010 இல் அமெரிக்காவில் 126 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், இந்தப் பயிற்சியை உள்ளடக்கிய சிகிச்சை பெற்றவர்களில் 53 சதவீதத்தினருக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆலோசனையும் ஆதரவும் மட்டும் பெற்றவர்களில் 19 சதவீதத்தினருக்கே. 1902 ஆம் ஆண்டுக் கண்ணாடிப் பயிற்சிக்கும் இதற்கும் மேலோட்டமாக ஓர் ஒற்றுமை தெரியலாம். வித்தியாசம் பெரிது. அன்று பிள்ளையின் குணத்தைத் திருத்த முயன்றார்கள். இன்று பிள்ளையின் கையில் ஒரு கருவியைக் கொடுக்கிறார்கள்.

கருவி என்றதும் இன்னொன்று. நொட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீபன் ஜாக்சன் என்ற நரம்பு விஞ்ஞானியின் குழு, மணிக்கட்டில் உள்ள நரம்பை மெல்லிய மின்துடிப்பால் ஒரு தாளகதியில் தூண்டினால் ரிக் குறைகிறது என்று 2020 இல் அறிவித்தது. பிறகு கைக்கடிகாரம் போல அணியும் கருவி செய்து, 121 பேரை வைத்துச் சோதித்து 2023 இல் முடிவை வெளியிட்டது. உண்மையான தூண்டல் கிடைத்தவர்களுக்கு, அது நடக்கும் வேளையில் ரிக் 25 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. குணப்படுத்தவில்லை, குறைத்தது. 7 வயதுப் பெண்பிள்ளை கை இழுக்க எழுதியதில் தொடங்கிய கதை, 200 வருடம் கழித்து மணிக்கட்டுக்கு வந்து நிற்கிறது.

எங்கள் வீட்டுப் பேரேடு

2008 இல்தான் ஒரு நிபுணரைச் சந்தித்தோம். 20 நிமிடம் பேசிவிட்டு நோயின் பெயரைச் சொன்னார். என் மனைவி தமிழில் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "என்னாலையோ எண்டு கேளுங்கோ." மொழிபெயர்த்தேன். வைத்தியர் எங்கள் இருவரையும் பார்த்து, இல்லை, யாராலும் இல்லை என்றார். அவள் அழுதாள். 13 வருடமாகச் சுமந்ததை அந்த அறையில் வைத்துவிட்டு வந்தாள்.

குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா என்றும் கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அப்போதுதான் என் சித்தப்பா ஞாபகத்துக்கு வந்தார். ஊரில் ஆசிரியர். ஓயாமல் செருமுவார், கண்ணை இறுக்கி மூடித் திறப்பார். செருமல் வாத்தியார் என்றுதான் பெடியள் சொல்வார்கள். அவருடைய வகுப்பில் இருந்துகொண்டே அவரைப்போல நடித்துக் காட்டியவர்களில் நானும் ஒருவன். அவருக்கு என்ன இருந்தது என்று இன்று யாரும் சொல்ல முடியாது, அவர் இல்லை. ஆனால் அவர் ஏன் கோயில் திருவிழாக்களுக்கு வராமல் விட்டார் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

எங்கள் சமூகத்தில் இதை மறைப்பதற்கு ஒரு காரணம் உண்டு, அது எனக்கும் தெரியும். நாளைக்குக் கலியாணப் பேச்சு வரும், பரம்பரை வருத்தம் என்று விலத்துவார்கள் என்ற பயம். பாடசாலை, அகதி விண்ணப்பம், வேலை என்று எல்லா இடத்திலும் எங்களை நிரூபித்தே வாழ்ந்தவர்கள் நாங்கள். இன்னொரு குறையை எழுதிக் கொடுக்க மனம் வராது. ஆனால் மறைக்கும் செலவைக் கட்டுவது பிள்ளைதான். குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். பாடசாலைக்கு எழுத்தில் கொடுங்கள். பரீட்சைக்குத் தனி அறை, மேலதிக நேரம் எல்லாம் கேட்கலாம். வீட்டில் ரிக்கைப் பற்றி ஏசாதீர்கள், எண்ணாதீர்கள், பரிசும் தண்டனையும் வைக்காதீர்கள். காரணம் தெரியாதவரை தொங்கல் கணக்கிலேயே விடுங்கள். பிள்ளையின் பெயரிலோ தாயின் பெயரிலோ எழுதாதீர்கள்.

என் மகனுக்கு இப்போது 26 வயது. வேலை பார்க்கிறான். களைத்த நாளில் கழுத்து ஒரு தடவை வெட்டும், அவ்வளவுதான். இதை எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "என்ரை பேரைப் போடாதேங்கோ. ஆனா கொப்பிக் கதையைப் போடுங்கோ, அப்பா. வேறை வீட்டிலையும் கொப்பி இருக்கும்" என்றான்.

அந்தக் கொப்பி இன்னும் என் மேசை இலாச்சியில் இருக்கிறது. 11 பவுண் 40 பென்ஸ் அவன் எனக்குத் தர வேண்டும் என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. பதிவு பிழை. கடனாளி நான்தான்.

அடுத்த மாத உரையில் இதே விடயத்தை மீண்டும் எடுக்கிறேன். நேரலை திறந்திருக்கும். பெயர் சொல்லத் தேவையில்லை. ஒருவராவது இணைந்து கதையுங்கள். ஒருவர் கதைத்தால், வீட்டில் இருந்து கேட்கும் இன்னொருவர் தன் பிள்ளையை ஏசாமல் விடக்கூடும்.